கன்று ஈன்ற மாடு

இலங்கை மலைநாட்டில், மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டில் இருந்தது. கதவு கிடையாது, குறுக்கே ஒரு மூங்கில் கழி மட்டும். எழுபதுகளின் தொடக்கம். நான் தோட்டத்துப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். தங்கைக்கு நான்கு வயது. அவளுக்கு அடுத்து ஒரு கைப்பிள்ளை.

எங்கள் மாடு சாது. தங்கை அதன் வயிற்றுக்கடியில் புகுந்து விளையாடுவாள், அது அசையாமல் நிற்கும். அதனாலேயே யாரும் அவளைத் தடுத்ததில்லை.

மாடு கன்று ஈன்ற மறுநாள் தங்கைக்கு இருமல் என்று, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் எடுக்கவில்லை. அம்மா கைப்பிள்ளையை மட்டும் அங்கே விட்டுவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனார். தங்கையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்திருந்தார். நான் பள்ளியிலிருந்து ஏறி வரும்போது அலறல் கேட்டது. அக்கா கொட்டிலிலிருந்து தங்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தங்கையின் முகத்தில் பாதி ரத்தம்.

"பீலியில தண்ணி புடிச்சிட்டு வர்றதுக்குள்ள புள்ள கன்னுக்குட்டியத் தொடப் போயிருச்சு" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

தோட்டத்து மருந்துக்காரர் துணியை விலக்கிப் பார்த்தார். "என்னால ஆகாது, பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றார். தேயிலை லொறியில் அம்மா தங்கையை மடியில் கிடத்திக்கொண்டு போனார். குண்டும் குழியுமான அந்தப் பாதையில் லொறி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தது என்று அம்மா பிறகு பல தடவை சொன்னார். இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

அவர்கள் திரும்பி வந்த அன்று அப்பா மாட்டுக் கயிற்றை அவிழ்த்தார்.

"கசாப்புக்காரனுக்குக் குடுத்துட்டு வர்றேன்."

"குடுத்துட்டு? கைப்பிள்ளைக்குப் பாலுக்கு எங்க போவீங்க?" அம்மா வழியை மறித்து நின்றார். "கன்னு போட்ட மாடு, கிட்டப் போனா முட்டத்தாங்க செய்யும். அது நமக்குத் தெரியும். புள்ளைக்குத் தெரியுமா?"

அப்பா கயிற்றைக் கையில் பிடித்தபடியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் பலகை அடித்து ஆளுயரத்துக்குக் கதவு போட்டார், வெளித்தாழ்ப்பாளைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். மற்ற வீட்டுக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போய் அப்படியே செய்தார்கள். அந்த வேலைக்கு அரை நாள்கூட ஆகவில்லை.

மாடு கத்தினால் தங்கை அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொள்வாள். ஆனாலும் அந்த மாட்டின் பாலைத்தான் குடித்தாள். எங்களுக்கு வேறு பால் இல்லை.

பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலங்களில் வந்து அவளுக்குத் தலை வாரிவிடுவார். அம்மா அவரை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார், உட்காரச் சொல்வார். ஆனால் எங்களில் ஒருவரையும் அதற்குப் பிறகு அவரிடம் விட்டுச் சென்றதில்லை. அக்காவும் கேட்டதில்லை.