ஆகஸ்ட் பதினாறில் மூன்று டிக்கெட்

ஆகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை, காலை 5.20. கிருமாம்பாக்கத்தில், கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பேருந்து வந்து நின்றது. மூன்று பேர் ஏறினோம்: நான், சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்யும் என் மனைவி கலைச்செல்வி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் யாழினி. புதுச்சேரி பேருந்து நிலையம் பதினைந்து கிலோமீட்டர். ஆளுக்கு இருபது ரூபாய். எங்கள் இலக்கு அதற்கும் அப்பால், சென்னை செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் பெரிய கேளிக்கைப் பூங்கா.

இந்தப் பயணத்துக்கு ஒரு முன்கதை உண்டு. கடந்த மே மாதம் 18ஆம் தேதிக்கு இதே பூங்காவுக்கு இணையத்தில் மூன்று டிக்கெட் எடுத்திருந்தேன். 17ஆம் தேதி மாலை சர்க்கரை ஆலையிலிருந்து எங்கள் கரும்புக்கு வெட்டு உத்தரவு வந்தது. கரும்பு பயிரிடுபவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆலை தேதி கொடுத்தால் அன்றைக்கு வெட்ட வேண்டும், வண்டி ஏற்ற வேண்டும். தவறினால் அடுத்த தேதி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதற்குள் கரும்பு காய்ந்து எடை குறையும். மறுநாள் யாழினி புதுச் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தாள். டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்ற இயலாது என்று பூங்காவின் விதி சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு புயல் மழை, அதற்கும் முன் கலைச்செல்விக்குத் திடீர் ஷிப்ட்.

"நீ முன்னாடியே டிக்கெட்டு வாங்குனா நாம போவமாட்டோம்பா" என்றாள் யாழினி. சண்டை போடவில்லை. அறிவியல் பாடத்தில் ஒரு விதியைச் சொல்வதுபோல் சொன்னாள்.

எனவே இந்த முறை இரண்டு முடிவுகள் எடுத்தேன். ஒன்று, டிக்கெட்டை நேரில் கவுன்டரில்தான் வாங்குவது. இரண்டு, தேதி. நான் நாட்குறிப்பு எழுதுகிறவன், தேதிகளோடு பழகியவன். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியின் நிர்வாகத்தை இந்தியாவிடம் ஒப்படைத்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அதனால் சுதந்திர தினத்துக்கு மறுநாளும் எங்களுக்கு விடுமுறை. இந்தியாவோடு இணைய வாக்கெடுப்பு நடந்த, வில்லியனூர் பக்கத்துக் கீழூரில் கொடியேற்றுவார்கள். தமிழ்நாட்டிலோ அது சாதாரண வேலைநாள். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கூட்டம் வந்து போய்விட்டிருக்கும். செவ்வாயன்று பூங்காவில் காற்று வாங்கலாம். கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

6.15க்குச் சென்னை பேருந்து. ஆளுக்கு நூற்று ஐம்பத்தைந்து ரூபாய், ஏறக்குறைய நூற்றுப் பத்து கிலோமீட்டர். காலாப்பட்டு தாண்டியதும் வலப்பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடல் விட்டுவிட்டுத் தெரிந்தது. மரக்காணத்தில் உப்பளப் பாத்திகளில் வாரிக் குவித்த உப்பு, ஓலை போட்டு மூடியது பாதி, மூடாதது பாதி. பழைய பயண நூல்களில் இந்தக் கரையைப் பல்லக்கிலும் படகிலும் கடந்தவர்கள் நாள் கணக்கில் எழுதுகிறார்கள். எங்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். யாழினி வழியில் எதையும் கேட்கவில்லை. எப்போது வரும், எத்தனை ராட்டினம், ஒன்றும் இல்லை. போய்ச் சேர்ந்த பிறகு சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம் என்று அவள் தள்ளிவைத்திருந்ததாக எனக்குத் தோன்றியது.

9.00. இறங்கியதுமே என் கணக்கு தவறு என்று தெரிந்துவிட்டது. வண்டி நிறுத்துமிடம் நிரம்பியிருந்தது. வேன்களும் கார்களும் வரிசையாக நின்றன. எண் பலகைகளில் பெரும்பாலும் பி.ஒய். 01, பி.ஒய். 05. நான் கண்டுபிடித்த தேதியைப் புதுச்சேரி முழுக்கக் கண்டுபிடித்திருந்தது. டிக்கெட் வரிசையில் அரியாங்குப்பத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர் நின்றார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா, இன்னிக்குக் கூட்டம் இருக்காதுன்னு வந்தீங்களா?"

"ஆமாங்க."

"நாங்களும் அதுக்குதான் வந்தோம்."

கட்டணப் பலகையில் பெரியவர் ஒருவருக்கு ரூ. 1,100 என்று இருந்தது. யாழினியின் உயரத்துக்கும் அதுவே. வரிசை மெல்ல நகர்ந்தது. 10.40க்கு எங்களுக்கு முன்னால் பதினோரு பேர் இருக்கையில் கவுன்டரின் கண்ணாடிக் கதவு மூடியது. உள்ளே அலைக் குளத்தைச் சுத்தம் செய்கிறார்களாம். அதனால் இன்றைக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் டிக்கெட், அது முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கைப்பேசியில் பார்த்தேன். இணையத்திலும் இன்றைய தேதி சாம்பல் நிறமாகியிருந்தது.

யாழினி நடைபாதை ஓரத்தில் பையை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். நான் பக்கத்தில் போனதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"பரவால்லப்பா. பீச்சுக்குப் போலாம். அங்க டிக்கெட்டே வேணாம்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பன்னிரண்டு வயதுப் பெண் அப்பாவுக்கு ஆறுதல் சொல்கிறாள். இதற்கு அவள் பழகிவிட்டாள். இப்போது திரும்பிப் போனால் இனி என்னிடம் எதையும் கேட்கவே மாட்டாள் என்று பட்டது.

கலைச்செல்விக்கும் அதுவே தோன்றியிருக்க வேண்டும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நிக்காதீங்க. குரூப்பா வந்திருக்கிற வண்டியா பாத்துக் கேளுங்க. முப்பது பேருக்கு வாங்குனா ரெண்டு பேர் வராம இருப்பாங்க. நம்ம ஊரு வண்டியே இத்தினி நிக்குது."

முதல் வேன் தவளக்குப்பம். ஆட்கள் உள்ளே போய்விட்டார்கள், ஓட்டுநர் மட்டும் தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டாவது வேன்காரர்களிடம் மீதி இல்லை. மூன்றாவதில் ஒரு அம்மாள், "எங்க வூட்டு ஆளுங்களுக்கே ரெண்டு டிக்கெட்டு பத்தல, நீங்க இருந்தா குடுங்க" என்றார்.

11.15. குழுக்களுக்கான நுழைவாயிலில் சத்தம் கேட்டது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் நின்றது. முன்னால் நின்றவருக்கு நாற்பது வயது இருக்கும். மதகடிப்பட்டில் பெயின்ட் கடை வைத்திருக்கும் ஏழுமலை என்று பிறகு தெரிந்தது. கடைத்தெருக்காரர்கள் சேர்ந்து வந்திருக்கிறார்கள். இருபத்தைந்து பேர் இருந்தால் ஆளுக்கு ரூ. 850. அப்படித்தான் முன்பணம் முழுதும் கட்டியிருக்கிறார். வந்தவர்களோ இருபத்திரண்டு. இருபத்தைந்து தலை சேர்ந்து நுழையாவிட்டால் எல்லோருக்கும் வித்தியாசத் தொகை கட்ட வேண்டும் என்று வாயிற்காவலர் விதியைக் காட்டினார்.

"சார், என் தம்பி குடும்பம் மூணு பேர். நேத்து சாயங்காலம் அவன் மாமனார் வகையில பங்காளி வூட்டுல சாவு. தீட்டோட ராட்டினத்துல ஏத்தச் சொல்றியா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. தலை எண்ணுவேன்."

நான் கையைத் தூக்கினேன். "தம்பி, நாங்க மூணு பேர் இருக்கோம்."

ஏழுமலை திரும்பினார். என்னையும் என் சட்டைப்பையில் இருந்த நாட்குறிப்பையும் பார்த்தார். "யாருண்ணே நீ? சர்வே எடுக்க வந்திருக்கியா?"

"பாகூர் பக்கம், கிருமாம்பாக்கம். டிக்கெட்டு முடிஞ்சுபோச்சு. மூணு பேருக்கு ரெண்டாயிரத்து ஐந்நூத்தம்பது இப்பவே தரேன்."

"இன்னாடா இது, பாகூர்க்காரங்கதான் வந்து மதகடிப்பட்டக் காப்பாத்தணும்னு இருக்குது" என்று பின்னால் யாரோ சொல்ல, தொப்பிகள் சிரித்தன. ஏழுமலை மூன்று மஞ்சள் தொப்பிகளை நீட்டினார். "போட்டுக்கோ. கேட்டா எங்க அக்கா வூடுன்னு சொல்லு."

பொய் சொல்லி நுழைய எனக்கு விருப்பமில்லை. காவலர் எங்கள் பக்கம் விரலை நீட்டி எண்ணும்போது, "ஐயா, நாங்க இவங்களோட இப்பதான் சேர்ந்தோம்" என்றேன். கலைச்செல்வி என் முழங்கையைக் கிள்ளினாள். ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டார். இருபத்திரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்தச் சில நொடிகளில் யாழினியின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

காவலர் பலகையில் பேனாவைத் தட்டினார். "எப்ப சேர்ந்தா எனக்கு இன்னாங்க? இருபத்தஞ்சு இருக்குது. உள்ள போங்க."

"அண்ணே, வாய வச்சிக்கினு சும்மா இருக்கமாட்டியா?" என்றார் ஏழுமலை, கதவைத் தாண்டியதும்.

11.35 முதல் மாலை 6.20 வரை நடந்ததை விரிவாக எழுதும் அளவுக்கு நான் குறிப்பு எடுக்கவில்லை, எடுக்க முடியவில்லை. நாட்குறிப்பு பையில் இருந்தது, பை கலைச்செல்வியிடம், கலைச்செல்வி மதகடிப்பட்டுப் பெண்களோடு தலைகீழாகச் சுற்றும் ஒன்றில் இருந்தாள். பெரிய ரயில் ராட்டினத்தில் யாழினி மூன்று முறை ஏறினாள். இரண்டாம் முறை நானும் ஏறினேன். உச்சியில் ஒரு கணம் கடல் முழுதாகத் தெரிந்தது. அடுத்த கணம் எதுவும் தெரியவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் சாதம் ரூ. 140. மதகடிப்பட்டுக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தாங்கள் கொண்டுவந்திருந்த புளிசாதத்தை வெளியே போய்ச் சாப்பிட்டு வந்தார்கள். எங்களுக்கும் பங்கு இருந்தது.

6.40. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். எங்கள் ஊரில் இந்த நேரத்துக்குக் கடலூர் சாலையில் வண்டிகள் விளக்குப் போட ஆரம்பித்திருக்கும். இங்கே சாலையைவிடப் பூங்காவின் விளக்குகள் பிரகாசமாக இருந்தன. நான்கு மாநிலப் பெயர்கள் ஒட்டிய பேருந்துகள் கடந்து போயின. யாழினி அம்மாவின் கைப்பேசியை வாங்கி, தெருக்கோடித் தோழி நிவேதாவை அழைத்தாள். மே மாதம் முதல் இவளைக் கேலி செய்துவந்தவள் அவள்.

"போனோம்டி. டிக்கெட்டா? அதெல்லாம் முடிஞ்சுபோச்சு, கவுன்டரே மூடிட்டாங்க. எங்கப்பா இன்னா பண்ணாருன்னு கேளேன். அங்க நின்ன ஒவ்வொரு வண்டியா போய்க் கேட்டாருடி. இருபது வண்டி."

கேட்டது மூன்று வண்டிகள். குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. நான் திருத்தவில்லை.