அத்தைக்காக வலித்த காது

என் வலது காதில் ஒரு நாளும் வலி வந்ததில்லை. ஆனால் நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் முழுக்க அது வலித்துக்கொண்டிருந்ததாகத்தான் சேத்தூரில் எங்கள் தெருவே நம்பியது. பக்கத்து வீட்டில் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை ஊற்றினார்கள். எதிர்வீட்டில் பஞ்சு வைத்து அடைத்தார்கள். இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளியில் காது செய்துபோடுவதாக ஒருத்தி நேர்ந்துகொள்ளவும் செய்தாள். எல்லாம் என் அத்தையால் வந்த வினை.

அத்தை அப்பாவின் தங்கை. கணவர் இறந்த பதினாறாம் நாளே மாமியார் வீட்டில் பெட்டியோடு பஸ் ஏற்றி அனுப்பிவிட, எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை கிடைத்தது. அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது, கணவர் கொடுத்துவிட்டுப் போனது. அது சோற்றில் பரவுகிற நோயல்ல. ஆனால் ஊருக்குத் தெரிந்தால் அந்தச் சோற்றை ஒரு பிள்ளைகூடத் தொடாது, அத்தைக்கு வேலையும் இருக்காது. வீட்டில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும். அம்மா அத்தைக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தாள். வீட்டிலேயே அத்தைக்குத்தான் மரியாதை அதிகம் என்று நான் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

மாதம் ஒருமுறை மாத்திரை வாங்க வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது. ராஜபாளையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். ஆனால் அங்கே மில் வேலைக்குப் போகிற எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் படாமல் ஒரு தெருவைக்கூடத் தாண்ட முடியாது. அதனால் ராஜபாளையத்தில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போவோம். போவோம் என்றால் நானும்தான். “எங்க போறீக?” என்று கேட்காமல் எங்கள் ஊரில் யாரையும் பஸ் ஏறவிட மாட்டார்கள். அந்தக் கேள்விக்கு அத்தை வைத்திருந்த பதில் நான். “பிள்ளைக்குக் காது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரில நல்லாப் பாக்காகளாம்.”

எனக்கு அத்தை போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. “ஏட்டி, அங்க யாரப் பாத்தாலும் பாத்ததாச் சொல்லப்படாது. எங்கிட்டகூடச் சொல்லப்படாது.” ஏன் என்று கேட்டதற்கு, “அவியளுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்லா” என்றாள். நான் பார்த்ததைச் சொன்னால் அவர்கள் குடும்பம் எங்கே போய்விடும் என்று எனக்கு விளங்கவில்லை. இருந்தாலும் நான் அப்போது வகுப்பு லீடர். சட்டத்தை மீறுவது என் ரத்தத்திலேயே கிடையாது.

ஒரு சனிக்கிழமை ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வண்டி ஏறி உட்கார்ந்திருந்தோம். முதல் நாள் ராத்திரியோடு மாத்திரை தீர்ந்திருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும்தான் கொடுப்பார்கள், விட்டால் திங்கட்கிழமைதான். வண்டி நகரும்போது ஓடிவந்து ஏறினாள், எங்கள் கீழத்தெருவில் ஜாக்கெட் தைக்கிற பெரியம்மா. எங்களைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது. அத்தை முகமும்தான். பிறகு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

“பிள்ளைக்குக் காதுக்கா” என்றாள் அத்தை, கேட்பதற்கு முன்பே.

“மூத்தவளுக்கு மாப்பிள்ளை பாக்கோம்லா தங்கச்சி. ஆண்டாளுக்கு ஒரு மாலை சாத்தணும்” என்றாள் பெரியம்மா, அவளும் யாரும் கேட்காமலே.

எனக்கு அவளைப் பார்த்ததில் ஆச்சரியமே இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், அத்தை உள்ளே டாக்டரம்மாவிடம் இருந்தபோது, அதே மாத்திரை வாங்குகிற இடத்தில் கடைசி பெஞ்சில் அவளைப் பார்த்திருக்கிறேன். முக்காடு போட்டிருந்தவள் என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் காதுக்காக வந்து வழிதவறி நிற்கிறேன் என்றுதான் அவளும் நினைத்திருக்க வேண்டும். ஊரே நம்பியதை அவள் மட்டும் நம்பாமல் இருப்பாளா? சட்டப்படி நான் அத்தையிடம் மூச்சுவிடவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் அத்தை சொன்னாள். “டாக்டர் வர நேரமாகும். நானும் செத்த நேரம் சாமி கும்பிட்டுட்டுப் போறேன்.” பெரியம்மாவைக் கோயிலுக்குள் விட்டுவிட்டு நழுவிவிடலாம் என்பது அவள் திட்டம். பெரியம்மாவின் திட்டமும் அதுவேதான். விளைவு, இரண்டு பேரும் ஆண்டாளை மூன்று முறை சுற்றினார்கள். நான் நாலாவது சுற்றுக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

“நீங்க இருந்து நல்லாக் கும்பிடுங்கக்கா.”

“இல்ல, நீ கெளம்பு தங்கச்சி. பஸ்ல கூட்டமாயிரும்.”

“ஆஸ்பத்திரிக்குப் போகணும்லாக்கா.”

அப்போதுதான் பெரியம்மா ஒரு சாஸ்திரத்தை எடுத்துவிட்டாள். “கோயிலுக்கு வந்துட்டு ஆஸ்பத்திரி வாசல மிதிக்கப்படாது தங்கச்சி. நேரா வீட்டுக்குத்தான் போகணும். காத இன்னொரு நாளைக்குக் காட்டிக்கிடலாம்.” அத்தையால் மறுக்க முடியவில்லை, சாமி காரியமாயிற்றே. ஆனால் எரிச்சலில் அவளும் ஒன்று சொன்னாள். “அப்ப நீங்களும் வாங்கக்கா. சேந்து கும்பிட்டவிய சேந்துதான் திரும்பணும்.” இரண்டு பேரும் ஒருவரையொருவர் சாஸ்திரத்தால் கட்டிப்போட்டுவிட்டு, பிரகாரத்தில் உட்கார்ந்தார்கள். மணி பதினொன்றரை ஆகிவிட்டது. அத்தை தூண் மறைவில் போய்க் கண்ணைத் துடைத்தாள்.

எனக்கு அத்தை அழுதால் தாங்காது. நம்மால் ஆனதைச் செய்வோம் என்று காதைப் பொத்திக்கொண்டு, “வலிக்குதே, வலிக்குதே” என்று கத்தி அழ ஆரம்பித்தேன். அத்தை பாய்ந்து வந்தாள். “பிள்ளை துடிக்குதுக்கா. ஆபத்துக்குப் பாவமில்ல. நான் காட்டிட்டு வந்துருதேன்.”

ஆனால் பெரியம்மா அதற்குள் என்னை மடியில் இழுத்துப் போட்டுவிட்டாள். முந்தானையை உருட்டி, வாயில் வைத்து ஊதிச் சூடாக்கி, என் காதில் ஒற்றி எடுத்தாள். ஒற்றும் சாக்கில் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள். “பெரியம்மாவ அங்க பாத்தத யார்ட்டயும் சொல்லலல்லா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஒங்க அத்தகிட்ட?”

அதற்கும் தலையாட்டினேன். “நல்ல பிள்ள. நீதான் நல்ல பிள்ள” என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையில் அழுகையை மறந்துபோனேன்.

“பாரு தங்கச்சி, சரியாயிட்டு” என்றாள் பெரியம்மா.

மூன்று பேரும் பால்கோவா வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வழியெல்லாம் அவர்கள் மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்கிறார்கள் என்பது பற்றியே பேசினார்கள். ஒருத்தியாவது இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

அத்தை இரண்டு ராத்திரி மாத்திரையில்லாமல் தவித்துவிட்டு, திங்கட்கிழமை காய்ச்சல் என்று லீவு போட்டுப் போய் வாங்கிவந்தாள். பெரியம்மாவை அதன் பிறகு அங்கே நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. எங்கள் ஊர் முகத்தை அவள் அந்த வழியில் இரண்டு தடவை பார்த்துவிட்டாள். மகள் கல்யாணம் வேறு கூடிவந்துகொண்டிருந்தது. கல்யாணம் தை மாதம் நன்றாகவே நடந்தது. அதற்குப் பிறகு பெரியம்மா மெலிந்துகொண்டே போனாள். மகளைப் பிரிந்த ஏக்கம் என்றார்கள், மஞ்சள்காமாலை என்றார்கள். நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது செத்துப்போனாள்.

துட்டி வீட்டுக்குப் போய்விட்டுத் தலைமுழுகி வந்த அத்தை, அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். “எங்க வீட்டுக்காரவிய கடைசில கெடந்த மாதிரியே கெடக்காக மதினி. அப்பிடியே அதே மொகம்.”

இனிச் சொன்னால் பெரியம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தோன்றியது. “அத்தே, நான் அவியள அங்க பாத்திருக்கேன்” என்றேன்.

“எங்கட்டி?”

“நீங்க மாத்திரை வாங்குவீகள்ல, அங்க. நாம கோயிலுக்குப் போனமே, அதுக்கு முன்னாலயே.”

அத்தை என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அடித்த கையாலேயே என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஈரத்தலையோடு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா வந்து விலக்கியும் விடவில்லை.

அவள் என்னை அடித்தது வாழ்நாளில் அந்த ஒருமுறைதான். அது அவள் சொன்னதைக் கேட்டு நடந்ததற்கா, கேட்காமல் போனதற்கா என்று எனக்கு வெகுகாலம் பிடிபடவே இல்லை.