ஐந்தாவது ரிங்கில் எடுக்கிற மோடம்

அடுப்படி ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க உங்கள் அம்மா ஒரு கறுப்புப் பெட்டியை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறாளே, முன்பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகளோடு, அதன் பெயர் மோடம். "பழைய ரேடியோவாப்பா?" என்று சின்னவன் கேட்டான். பெரியவளுக்கு வேறொரு குறை. ஃபோன் அடித்தால் அப்பா உடனே எடுக்க மாட்டேன் என்கிறார், காது மந்தமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் காது நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

நான் பிளஸ் டூவோடு நின்றவன். பெரம்பலூரில் கொஞ்சம் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, லப்பைக்குடிக்காட்டில் ஒரு எஸ்.டி.டி. கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். ஊர் ஆண்களில் பாதிப்பேர் சபுரில், அதாவது அரபு நாட்டில். விசா நகல், கம்பெனிக் கடிதம் எல்லாம் அங்கிருந்து ஃபேக்ஸில்தான் வரும். ஆலத்தியூர் பக்கம் சிமெண்ட் லோடு எடுக்கிறவர்களுக்கு விலைத்தாளும் எங்கள் கடைக்குத்தான் வரும். பாய் பழைய ஃபேக்ஸ் மிஷினைத் தள்ளிவிட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டார். ஃபோன் லைனை மோடத்தில் சொருகி, மோடத்தைக் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டால், வருகிற ஃபேக்ஸை அதுவே எடுத்து உள்ளே வாங்கி வைத்துக்கொள்ளும். ஃபேக்ஸ் சர்வர் என்று அதற்குப் பெயர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

கொஞ்ச நாளிலேயே ஒரு லைன் போதவில்லை. எப்போது போட்டாலும் எங்கேஜ்டாக இருக்கிறது என்று சபுரிலிருந்து புகார் வந்தது. கடையில் இன்னொரு லைன் இருந்தது. ஆனால் அதில் மோடம் மாட்ட பாய் சம்மதிக்கவே இல்லை. காரணம் அவருடைய தம்பி.

தம்பியும் சபுரில்தான் இருந்தார். பேசினால் காசு என்று, வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் அந்த நம்பருக்கு மூன்று ரிங் விட்டுக் கட் பண்ணுவார். சற்று நேரம் கழித்து மறுபடி மூன்று. நல்லா இருக்கேன் என்று அர்த்தம். யாரும் எடுக்கக்கூடாது. நான் சேர்வதற்கு முன்பே ஒரு வெள்ளிக்கிழமை அது நின்றுபோனது. கம்பெனியை விட்டு வெளியேறிவிட்டார், பாஸ்போர்ட் அந்த ஊர் முதலாளியிடம் மாட்டிக்கொண்டது என்று ஊருக்கு வந்த ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. தம்பியின் மனைவி தினமும் பாய்க்குச் சாப்பாட்டுக் கேரியர் எடுத்துக்கொண்டு வரும். என்னை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அது தங்கச்சி. பாய் சாப்பிட்டு முடித்த பிறகும் உள்பக்க பெஞ்சில் அந்த ஃபோனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

யாவாரம் நெருக்கியதும் பாய் என்னிடம் கேட்டார், "அந்த மோடம் எத்தினியாவது ரிங்ல எடுக்கும்?"

"நாம சொல்ற ரிங்ல பாய்."

"அப்ப அஞ்சுன்னு வெச்சிரு. அவனுக்கு மூணு போதும்."

இரண்டாவது மோடத்தை மாட்டியதும் மவுஸ் செத்துப்போனது. மவுஸும் மோடமும் ஒரே துவாரத்துக்குச் சண்டை. "ஒரு எலிய அடிக்கவா ஒன்னைய வேலைக்கு வெச்சேன்?" என்று பாய் கேட்க, தங்கச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வேறொரு கார்டு வாங்கிப் போட்டுச் சரிசெய்தேன். எத்தனையாவது ரிங்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கிற கட்டத்தில் ஐந்து என்று அடித்தேன். மோடத்தின் பின்னாலேயே பழைய ஃபோனையும் சொருகி வைத்தேன், ரிங் காதில் விழ வேண்டுமே.

அதிலிருந்து அந்த ஃபோன் அடிக்கும்போதெல்லாம் கடை அப்படியே நின்றுவிடும். பாய் சோற்றைப் பிசைகிற கையை நிறுத்துவார். தங்கச்சியின் உதடு மட்டும் அசையும். நாலாவது ரிங் விழுந்ததும், "நம்மளுது இல்ல" என்பார் பாய். ஐந்தாவதில் மோடம் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கீச்சென்று கத்தும். யாரோ ஒருவருக்கு விசா வந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த நேரம். மூன்று ரிங் அடித்து நின்றது. பாய் எழுந்துவிட்டார். தங்கச்சி கேரியர் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தது. மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான் சாமி கும்பிட்டேன் பிள்ளைங்களா. நாலாவதும் அடித்தது. பாய் இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. ஐந்தில் மோடம் கத்தியது. வந்தது சிமெண்ட் விலைத்தாள்.

"மொதல்ல மூணுல ஏன் நின்னுச்சு?" என்றார் பாய். அனுப்புகிற மிஷின் நம்பரைப் போட்டதிலிருந்து கொஞ்ச நேரம்தான் பொறுக்கும், லைன் கிடைக்கத் தாமதமானால் நாலாவது ரிங்குக்கு முன்பே தானே வைத்துவிட்டு மறுபடி போடும் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல முடியும்.

"அப்ப இனிமே மூணு அடிச்சாலும் அவுகதான்னு நம்ப முடியாதாண்ணே?" என்றது தங்கச்சி. கையிலிருந்த மூடியைக் கேரியரில் வைத்து அழுத்திவிட்டு, "ஒண்ணுன்னு வெச்சிடுங்கண்ணே" என்றது.

"அவன் கூப்புட்டா மிஷினுல்லம்மா கத்தும்" என்றார் பாய்.

"கத்தட்டும் மச்சான். நாம எண்ணிக்கிட்டு ஒக்காந்திருக்கறது மட்டும் அவுகளுக்குத் தெரியுதா?"

பாய் என்னைப் பார்க்காமல் தலையை ஆட்டினார். ஐந்தை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தேன். ஒரு விரல் வேலை. அவ்வளவு கனமான வேலையை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை.

தங்கச்சி அடுத்த நாளிலிருந்து வரவில்லை. பாய் ஓட்டலில் சாப்பிட்டார். கம்ப்யூட்டரில் மட்டும் அவ்வப்போது 'ஃபேக்ஸ் வரவில்லை' என்று ஒரு வரி விழுந்து கிடக்கும். யாரோ கூப்பிட்டு, கத்தலைக் கேட்டு வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். ராங் நம்பராக இருக்கலாம். யாராகவும் இருக்கலாம். பாய் கண்ணில் படுவதற்கு முன் அந்த வரிகளை அழித்துவிடுவேன். பிறகு எல்லோர் கையிலும் செல்ஃபோன் வந்தது, ஃபேக்ஸ் போனது. தங்கச்சி தன் தாய்வீட்டுக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஆள் வந்து அந்த லைனையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டு போனார். கடையைக் காலி செய்தபோது பாய் இந்தப் பெட்டியை என் பையில் போட்டு, "நீ கொண்டு போயிடு, என் கண்ணுல வேணாம்" என்றார். தம்பி வரவில்லை. இறந்தார் என்றும் யாரும் சொல்லவில்லை.

ஜன்னலில் இருப்பது அந்த மோடம்தான். அதில் இனி எந்த விளக்கும் எரியாது. இன்று காலை ஃபோன் அடித்தது. பெரியவள் என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாவது ரிங் விழுகிற வரை என் கை எழவில்லை. எடுத்துப் பேசி வைத்ததும், "யாருப்பா?" என்று கேட்டாள். ஏதோ கேஸ் சிலிண்டர் விஷயம். ஆனால் என் வாயில் வந்தது, "நம்மளுது இல்லம்மா."