அப்பாவின் இரத்தத்தில் நான் பார்த்த வெளிச்சம்

சென்ற ஆண்டு ஒரு காலை, கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் அந்த யோசனை என்னைப் பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குவார். அதே மோட்டாரை எடுத்துக்கொண்டு நான் கொமுட்டர் ரயில் நிலையத்துக்கு ஓடுவேன். சீட்டின் சூடுகூட ஆறியிருக்காது. அன்று இருமிக்கொண்டே சாவியை நீட்டினார். அந்த மாதத்தில் மூன்றாவது சளி.

இரவெல்லாம் விழித்திருக்கும் மனிதரின் உடம்புக்குள் நோயை விரட்டும் காவல்காரர்கள் எப்படி இருப்பார்கள்? ரயில் கோலாலம்பூர் போய்ச் சேர்வதற்குள் என் முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

நம் இரத்தத்தில் இயற்கைக் கொல்லி உயிரணுக்கள் உண்டு. நோய்க்கிருமி புகுந்த உயிரணுவைக் கண்டுபிடித்துக் கொல்பவை. கண்டுபிடிக்க உதவும் ஏற்பிகள் அவற்றின் மேல்தான் இருக்கின்றன. அந்த ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் எதிர்ப்பொருளைச் சேர்த்தால், லேசர் பட்டதும் மின்னும். எவ்வளவு மின்னுகிறதோ அவ்வளவு ஏற்பி.

உரிய அனுமதி வாங்கி, தாதி எடுத்துக் கொடுத்த அப்பாவின் இரத்தம்தான் முதல் மாதிரி. மின்னுவதை அளக்கும் இயந்திரம் எனக்கு ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அவசரத்தில் ஒரு குழாயைத் தயாரிக்காமல் விட்டேன். திரையில் புள்ளிகள் ஜொலித்தன. அங்கிருந்தே போன் போட்டேன்.

"அப்பா, உங்க காவக்காரங்க சூப்பரா இருக்காங்க!"

மறுநாள், செந்தூலிலிருந்து வரும் ஆய்வகத் தோழி திரையைப் பார்த்தாள்.

"கன்ட்ரோல் டியூப் எங்கடி?"

"டைம் இல்ல லா."

"அப்ப இங்க மின்னுறது ஏற்பியா, உன் ஆசையா?"

கன்ட்ரோல் என்பது எந்த ஏற்பியையும் தேடாத, ஆனால் அதே நிறத்தில் ஒளிரும் எதிர்ப்பொருள். மீதமிருந்த உயிரணுக்களில் அதைச் சேர்த்தோம். அதுவும் ஏறக்குறைய அதே அளவு ஜொலித்தது! எதிர்ப்பொருளின் தலை, தான் தேடுவதைப் பிடிக்கும். ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும் கைகள் இந்த உயிரணுக்களுக்கே உண்டு; எதையும் தேடாத எதிர்ப்பொருளும் அப்படித்தான் ஒட்டியிருந்தது. முதலில் அந்தக் கைகளை அடைக்க வேண்டும். பரீட்சையில் எழுதியிருக்கிறேன், செய்யும்போது மறந்துவிட்டேன்.

ஆய்வு போனால் போகட்டும். வீட்டுக்கு வந்தால், பகல் ஷிப்டுக்கு மாற்றச் சொல்லி அப்பா எழுதி வைத்திருந்த விண்ணப்பப் பாரம் மேசையில் இல்லை. அதைக் கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள்.

"பாரம் எங்கப்பா?"

"அது எதுக்கும்மா? சாப்பாட்டுக் கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எம் பொண்ணு மெஷின்லயே பாத்துட்டா, நைட் ஷிப்ட் நம்மள ஒன்னும் பண்ணாதுன்னு."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மின்னுனது பொய்யா?"

"மின்னுனது நெசம்தான்பா. நான் சொன்னதுதான் தப்பு."

அப்பா பழைய பேப்பர் கட்டுக்குள்ளிருந்து பாரத்தை உருவினார். "நாளைக்குக் கடையில அவனுங்க என்னையக் கிழிச்சிருவானுங்க."

"நானே வந்து சொல்றேன்பா."

மறுநாள் பாரத்தைக் கொடுத்துவிட்டு, இருவரும் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் அந்தக் கடைக்குப் போனோம். "வாங்க டாக்டரம்மா, எங்களுக்கு எத்தன வருஷம் கேரண்டி?" என்றார் ஓர் அங்கிள். சிரிப்பு அடங்கியதும் என் தவறைச் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "அப்ப எங்க கையிலயும் குத்திப் பாரு" என்று அவரே சட்டைக் கையைச் சுருட்டினார்.

இரண்டாவது முறை அந்தக் கைகளை அடைத்து, ஒழுங்காகச் செய்தேன். அப்பாவின் மாதிரியில் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கியது. ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது; அவரிடம் அதை மட்டும்தான் சொன்னேன். அவருக்குப் பகல் ஷிப்ட் கிடைத்துவிட்டது. மோட்டார் இப்போது அவருக்கு, எனக்கு பஸ்.

வரும் திங்கட்கிழமை துறைமுகத்திலிருந்து எட்டுப் பேர் இரத்தம் கொடுக்க வருகிறார்கள். நான்கு பேர் இரவு ஷிப்ட், நான்கு பேர் பகல் ஷிப்ட். எதையும் தேடாத குழாயைத்தான் முதலில் ஓட்டப் போகிறேன். அது இருட்டாக இருந்தால்தான், அடுத்து வரும் வெளிச்சத்தைப் பற்றி யாருக்கும் போன் போடுவேன்.