நேராத நேர்த்திக்கு ஒரு கிடா

செல்வலட்சுமி கோபக்காரி. நாரணாபுரம் ரோட்டை ஒட்டி, சிவகாசிக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் அந்த வளவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். பட்டாசுப் பெட்டிக்கு அவள் அட்டை மடிக்கிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு அவளிடம் பேச்சுக் கொடுக்கலாமா வேண்டாமா என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் முடிவு செய்துகொள்வார்கள்.

ஆனால் அந்தக் கோபத்தில் பாதிக்கு மேல் அவளுடையது இல்லை, ஊர் கொண்டுவந்து கொடுத்தது. அவளும் அவள் புருஷன் முனியராஜும் கறி, மீன், முட்டை தின்பதில்லை. பால், தயிர், மோர், நெய் எதையும் தொடுவதில்லை. அவர்கள் செய்த குற்றம் அவ்வளவுதான். யார் வீட்டிலாவது திருடினார்களா, யார் குடியையாவது கெடுத்தார்களா? தங்கள் வட்டிலில் தங்களுக்குப் பிடித்ததைப் போட்டுத் தின்றார்கள். அது நம் சனத்துக்குப் பொறுக்குமா? அடுத்தவன் இலையை எட்டிப் பார்க்காவிட்டால் நம் ஆட்களுக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

முதலில் கறியை விட்டவன் முனியராஜ். அப்போது அவன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். தீபாவளி சீசன். மருந்து கலக்கிற அறை வெடித்தது. அவனுடைய சொந்தத் தாய்மாமன் நாகையா அந்த அறையில் இருந்தார். வெந்து கிடந்தவர்களைத் தூக்கி டெம்போவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மாமனின் தலை இவன் மடியில் இருந்தது. சாத்தூர் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் அம்மா வேலுத்தாய் ஊரிலிருந்து வந்து, அவனுக்குப் பிடிக்குமே என்று ஆட்டுக்கறியைக் கொழுப்போடு வதக்கினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் முனியராஜ் வாசலுக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். அம்மா பித்தம் என்று நினைத்தாள். அவன் மறுக்கவில்லை. டெம்போவில் அடித்த வாடையும் இதுவும் ஒன்றாக இருந்தது என்று அவன் பெண்டாட்டியிடம் மட்டும் சொன்னான். செல்வலட்சுமி ஒன்றும் கேட்காமல் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். அதற்கப்புறம் அது நிமிரவே இல்லை.

பாலை விட்டவள் அவள். வளவுக்குப் பின்னால் பெத்தணன் என்று ஒரு பால்காரர் இருந்தார். அவருடைய பசு ஈன்ற கன்று செத்துப்போனது. கன்று இல்லாமல் பசு பால் சுரக்காதே. அதனால் கன்றின் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்துத் தைத்து, நாலு குச்சிகளைக் காலாக ஊன்றி, பசுவின் முன்னால் நிறுத்தினார். பசு அந்த வைக்கோல் கன்றை நக்கி நக்கிப் பால் சுரந்தது. அவர் கீழே உட்கார்ந்து பீச்சினார். ஊர் வழக்கம்தான், யாரும் தப்பாக நினைப்பதில்லை. செல்வலட்சுமியும் சின்ன வயசில் பார்த்ததுதான். ஆனால் வீட்டுச் சன்னலைத் திறந்தாலே தினமும் கண்ணெதிரே அந்தப் பசுவின் நாக்கு. ஒரு நாள் வாங்கிய பாலைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அன்று சாயந்திரம் கருப்பட்டி போட்ட கடுங்காப்பியைக் கொடுத்தாள். முனியராஜ் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஏன்னு கேக்கலயா?" என்றாள்.

"நான் கறிய விட்டப்ப நீ கேட்டியா புள்ள?"

அந்த வீட்டில் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குதிரைவாலிச் சோறு, வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, கடலையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால், எள்ளுத் துவையல் என்று மணக்க மணக்கச் சமைத்தாள். முனியராஜ் பட்டாசை விட்டுவிட்டு அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு நாள் வெளிநாட்டு ஆர்டருக்கு அடித்த பிஸ்கட் அட்டையில் ஒரு வேஸ்ட் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டு வந்தான். பச்சை இலை போட்டு இங்கிலீஷில் ஒரு வார்த்தை.

"வீகன்னு போட்டுருக்காம். கறி, முட்டை, பால் எதுவும் சேராதாம். டிசைன் போடுற பொண்ணு சொல்லுச்சு. நம்ம திங்கிறதுக்கு ஒரு பேரு இருக்கு புள்ள."

"பேரு இருந்தா உங்க சின்னம்மா வாய மூடிருவாகளா?" என்று கேட்டுவிட்டு அவள் அதை அடுப்புக்கு மேலே பசை தடவி ஒட்டினாள்.

வாய்க்கு வந்ததைப் பேசியது முனியராஜின் சின்னம்மா மட்டுமா? கல்யாண வீட்டில் தயிரை வேண்டாம் என்றால், "பெரிய சாதி ஆகப் பாக்கீகளோ?" பரோட்டாக் கடையில் சால்னா வேண்டாம் என்றால், மாஸ்டர் கல்லில் தட்டுவதை நிறுத்திவிட்டு முறைப்பார். எல்லாவற்றையும்விடக் கொடுமை சொந்தக்காரர் வீட்டில் டீயை மறுப்பது. ஒரு காலத்தில் இந்தச் சனத்துக்கு டீக்கடைகளில் தனி டம்ளர் வைத்தவர்கள் உண்டு. அதனால் நம் வீட்டு டம்ளரை ஒருவர் வேண்டாம் என்றால் அந்தப் பழைய புண்ணில் போய்க் குத்தும். செல்வலட்சுமிக்கு அது தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அவளே தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கச் சொம்பைக் காலி செய்வாள். அப்படியும் விடுவார்களா?

ஒரு பொங்கலுக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் மாமியார் ஊருக்குப் போனபோது, செல்வலட்சுமியின் தம்பி சங்கிலிமுத்துவும் வந்திருந்தான். பந்தியில் எல்லோர் முன்னாலும் அவன்தான் ஆரம்பித்தான்.

"எங்க மச்சான் நல்லாத் தின்ன ஆளு. அக்காதான் எதையோ சொல்லி மயக்கி இலையும் தழையும் திங்க வச்சிட்டா. அதான் வயித்துல ஒரு புழு பூச்சி தங்க மாட்டேங்குது."

பந்தி சிரித்தது. செல்வலட்சுமிக்கு உச்சி மயிர் வரைக்கும் எரிந்தது. கையில் இருந்த சோற்றை உதறிவிட்டுச் சொன்னாள்:

"இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேர்ந்துருக்கோம்லே. போதுமா?"

பந்தியே அடங்கிப்போனது. சங்கிலிமுத்து கன்னத்தில் போட்டுக்கொண்டான். வேலுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளைக்காகவா ஆத்தா? எங்கிட்டச் சொல்லப்படாதா?" என்றாள். எங்களுக்குப் பிடிக்கவில்லை என்று வருசக்கணக்கில் சொன்னபோது சண்டைக்கு வந்த சனம், சாமிக்கு என்றதும் கையெடுத்துக் கும்பிட்டது. மனுசன் மனசுக்கு இல்லாத மரியாதை பொய்க்குக் கிடைத்தது. அவளுக்கு நிம்மதியும் வந்தது, அந்த நிம்மதியின் மேலேயே ஆத்திரமும் வந்தது.

நேர்த்திக்கடன் என்றால் அதற்கு ஒரு முடிவு உண்டு என்பதைக் கோபத்தில் அவள் மறந்துவிட்டாள்.

அடுத்த வருசம் அவள் முழுகாமல் இருந்தாள். ஆத்தா கண் திறந்துவிட்டாள் என்று சொந்தம் பூராவும் சொல்லிச் சந்தோஷப்பட்டது. சேதி வந்த அன்றைக்கே வேலுத்தாய் ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி இருக்கன்குடிக்கு என்று நேர்ந்துவிட்டாள். பெண் குழந்தை பிறந்தது. சினேகா என்று பெயர் வைத்தார்கள். குட்டி கிடாவாக வளர்ந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அது செல்வலட்சுமியின் சேலையை மெல்ல வரும். அதைத் தள்ளிவிடுவதற்குக்கூட அவளுக்குக் கை வராது. குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தி, கிடா வெட்டி, நேர்ந்தவர்கள் வாயில்தான் முதல் கறி விழவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"உங்க அம்மாகிட்டச் சொல்லிருங்க," என்றாள் முனியராஜிடம்.

"அது மனசு தாங்காது புள்ள. ஒரு வாய்தான? நான் கண்ண மூடிட்டு முழுங்கிருதேன்."

"நீங்க முழுங்குவீக, முழுங்கிட்டு என்னைக்கும் குடலப் பெரட்டிட்டுக் கிடப்பீக. அந்த ஆடு? அதுக்கு என்ன சமாதானம் சொல்லுவீக?"

அவன் அம்மாவிடம் சொல்லவே இல்லை. அவளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு தடவையும் மாமியாரின் மலர்ந்த முகத்தைப் பார்த்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். ஊரையெல்லாம் வாயால் வெட்டுகிறவளுக்கு அந்த ஒரு இடத்தில் வாய் வரவில்லை.

இருக்கன்குடி ஆற்று மணலில் அடுப்பு மூட்டினார்கள். சங்கிலிமுத்து மடியில் வைத்துக் குழந்தைக்கு மொட்டை போட்டாயிற்று. கிடாவுக்கு மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால்தான் ஆத்தா உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அதுவரை வெட்டக்கூடாது.

கிடா துலுக்கவில்லை. மறுபடி ஊற்றினார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட அது செல்வலட்சுமியையே பார்த்துக்கொண்டு நின்றது. கத்தியோடு நின்ற கண்ணுச்சாமி சொன்னார்:

"நேர்த்தியில என்னமோ குறை இருக்கு. நேர்ந்தவுக மனசுல எதையாச்சும் வச்சிருந்தா சொல்லிருங்கத்தா."

செல்வலட்சுமிக்கு ஒரு நம்பிக்கை எழுந்தது. சொன்னால் அவிழ்த்துவிட்டுவிடுவார்கள். குழந்தையைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நான் நேரவே இல்ல அத்தை. பொய்யி. எந்தம்பி பந்தியில வச்சு என்னய அசிங்கப்படுத்துனான், வாய அடைக்கச் சொன்னேன். பிள்ளைக்காக நாங்க எதையும் விடல. எங்களுக்குப் பிடிக்கல, விட்டுட்டோம். அதச் சொன்னா உங்கள்ல ஒருத்தராச்சும் கேட்டீகளா? இந்த ஆட்டுக்கும் ஆத்தாளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவுத்து விடுங்க."

அந்த நேரம் பார்த்து, காதுக்குள் தண்ணீர் இறங்கியதோ என்னவோ, கிடா தலை முதல் வால் வரை உதறித் துலுக்கியது.

"உண்மையச் சொன்னதும் ஆத்தா ஒத்துக்கிட்டா," என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் கண்ணுச்சாமியின் கை இறங்கிவிட்டது.

வேலுத்தாய் மருமகளை அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டு வந்தாள். முனியராஜ் குழந்தையோடு குறுக்கே வந்து நின்றான். அம்மா முன்னால் குரல் உயர்த்தாதவன் அன்றைக்கு உயர்த்தினான்.

"அவள அடிக்காத. மொதல்ல விட்டது நான். நாகையா மாமாவ மடியில வச்சுக் கொண்டுபோனேம்லா, அந்த வாடைம்மா. நீ கறி வதக்குனப்ப அதே வாடை. எனக்குப் பித்தமும் இல்ல, நேர்த்தியும் இல்ல. எங்க மாமன் வாடை."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. வேலுத்தாய் மணலில் உட்கார்ந்தாள். நாகையா அவள் கூடப் பிறந்த தம்பி. அவன் செத்த பிறகு எத்தனை ஞாயிற்றுக்கிழமை கறி வதக்கியிருப்பாள். மகனை நிமிர்ந்து பார்த்து, "இத ஏன்டா எங்கிட்டச் சொல்லல?" என்றாள்.

"எல்லாரும் ஏன் ஏன்னு கேட்டீக அத்தை. பதிலக் கேக்க யாரு நின்னீக?" என்றாள் செல்வலட்சுமி. அவள் குரலில் இரக்கம் இல்லை. கண் மட்டும் மணலில் காய்ந்துகொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்தது. கண்ணுச்சாமி மேல் அவளுக்குக் கோபம் இல்லை. தன் சேலையை மென்ற ஆட்டைக் கொன்றது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஊர் மேல் பட்ட கோபத்தையெல்லாம் சேர்த்தாலும் தன் மேல் வந்த அந்தக் கோபத்துக்கு ஈடாகவில்லை.

குழம்பு கொதித்தது. அடுப்படியிலிருந்து சங்கிலிமுத்து கத்தினான். "அத்தை, மொதக் கறி யாருக்கு வைக்க?"

"நேர்த்தியே இல்லயாம்லே," என்றாள் வேலுத்தாய், திரும்பிப் பார்க்காமல். "பசிச்சவன் எடுத்துத் தின்னு."

அவள் தின்னவில்லை. செல்வலட்சுமி கட்டிக்கொண்டு வந்திருந்த புளியோதரையில் ஒரு வாய் கேட்டு வாங்கிக்கொண்டு, புகை வராத பக்கமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் பால்கோவாப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். "மொட்டை போட்ட பிள்ளைக்கு இனிப்பு குடுங்கத்தா. நீங்களும் எடுத்துக்கோங்க."

செல்வலட்சுமி வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மாள் விடுகிறதாக இல்லை. "ஏன், எதுவும் நேர்த்தியா?"

செல்வலட்சுமி வாயைத் திறப்பதற்குள், சன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்த வேலுத்தாய் வெடுக்கென்று இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நேர்த்தியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவுக திங்க மாட்டாக. ஏன்னு கேக்காதீக."

அந்த அம்மாள் பொட்டலத்தை மடித்துக்கொண்டாள். வேலுத்தாய் மறுபடி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சாத்தூர் வரும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.