குழாய்க்குக் கீழே

கோடைக்காலம். குண்டூர் நாட்டு மலையோடை ஒன்றில் கற்களைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த பூச்சிகளை வெள்ளைத் தட்டில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். ஓடை நன்றாக இருக்கிறதா என்று அந்தப் பூச்சிகளை வைத்துத்தான் அறிக்கை எழுதுவோம். தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்க ஓடையில் போட்டிருந்த கறுப்புக் குழாயைப் பிடித்தபடியே மிளகுத் தோட்டக்கார அம்மா ஒருவர் ஏறி வந்தார். ஒல்லியான உடம்பு, இடுப்பில் கொடுவாள். பேசும்போதெல்லாம் குழாயை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்திவிடுவார்; பேசி முடித்த பிறகுதான் விடுவார்.

“ஏனுங்க, போன தடவ ஒருத்தர் இப்படித்தான் வந்து அளந்தாருங்க. அப்புறம் எங்க குழாய அறுத்துப் போட்டாங்க. தண்ணி இல்லீன்னா இந்தக் கொடி ஒண்ணும் நிக்காதுங்க. நீங்க என்ன எழுதப் போறீங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை.

“உங்க குழாய்க்கு மேல பூச்சி நிறைய இருக்குதுங்கம்மா. கீழ தண்ணியும் கம்மி, பூச்சியும் இல்லை.”

அவர் கை கொடுவாளின் பிடிக்குப் போனது. நான் தட்டைக் கீழே வைத்தேன். அவர் ஓடையைப் பார்த்துவிட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“இன்னிக்கு எழுதாதீங்க. காலைல வந்து எண்ணுங்க,” என்றார்.

மறுநாள் குழாய் ஓடைக்கு வெளியே கிடந்தது. கீழே தண்ணீர் நன்றாகவே ஓடியது. ஆனால் பூச்சிகள் ஒரே இரவில் திரும்பி வராது, வாரக்கணக்கில் ஆகும். புரட்டிய கல்லெல்லாம் வெறுமையாக இருந்தது. தோட்டத்தில் தண்ணீர் காணாத இளங்கொடிகள் தலை தொங்கியிருந்தன.

“பூச்சி வந்துருச்சுங்களா?” என்று கரையிலிருந்து கேட்டார்.

உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லாத குழாயை மடக்கியே பிடித்திருந்தார். நான் இன்னொரு கல்லைப் புரட்டினேன்.