பேனர் இல்லாத சனிக்கிழமைகள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவருக்காக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தம்பியின் வணக்கம். இந்த நினைவு மலரில் போடச் சொல்லி, அக்கா வேலை பார்த்த கல்லூரியிலிருந்து போட்டோவோடு ஒரு பக்கம் அனுப்பியிருந்தார்கள். நான் அதைப் போடவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், மனத்துக்குள் வைத்துப் புழுங்க எனக்குத் தெரியாது.

ஆரணியை அடுத்த சேத்துப்பட்டில், அரிசி மில்லில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி. வேதியியல் படித்து ஆரணிப் பக்கம் பேராசிரியராகச் சேர்ந்தார். என் படிப்பு, தங்கை கல்யாணம் எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தது. ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஓர் அம்மா, சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் தோய்க்கிறவர். இரண்டு கையும் வெடித்துப் புண்ணாகியிருந்தது. "நீங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி டீச்சராமே. இந்தச் சாயத்துல இன்னா கலக்கறாங்கன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாராம். அக்கா அவர் தெருவைக் கேட்டு வைத்துக்கொண்டார். அந்தச் சாயங்களைப் பற்றிப் படித்துப் பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை அந்த அம்மாவின் வீட்டைத் தேடிப் போனார். அதன் பிறகு எல்லாச் சனிக்கிழமையும் போனார். எந்த கிளவுஸ் தாங்கும், எந்தப் பொடியை முகத்தருகே கொட்டக் கூடாது, எந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அந்தத் தெருப் பெண்களோடு உட்கார்ந்து பேசினார்.

பதவி உயர்வுக்குச் சமூகப் பணி பாயின்ட் வேண்டும்; அதற்குக் கல்லூரி கேட்டதோ பேனரும் போட்டோவும்தான். பெண்கள் முடியாது என்றுவிட்டார்கள். "போட்டோ வெளிய வந்துச்சுன்னா, நாளையிலேர்ந்து வராதேன்னுடுவாரும்மா மொதலாளி. எங்க பொழப்பே பேஜாராயிடும்" என்றார்கள். அதற்குப் பிறகு அக்கா அங்கே போனைக் கையிலேயே எடுக்கவில்லை. போட்டோ இல்லையென்றால் பணியே நடக்கவில்லை என்று பதவி உயர்வை மறுத்தார்கள். ஒரு மரக்கன்றைப் பத்துப் பேர் பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்து, வந்த வேனிலேயே திரும்பியவர்கள் பதவியில் மேலே போனார்கள். இதற்குப் பெயர் சமூகப் பணியாம், வெட்கக்கேடு.

இளம் ஆசிரியைகள் வீட்டுக்கு வந்து, "இதுக்கு எவ்ளோ பாயின்ட் மேடம்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் கெடையாதும்மா. கேட்டாங்க, போய்க்கினு இருக்கேன்" என்பார் அக்கா. அவர்களில் ஒருவர் மட்டும் மறுவாரம் அக்காவோடு கிளம்பினார்.

சிறுநீரகம் கெட்டு அக்கா வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அந்தப் பெண்கள்தான் கூலியை விட்டுவிட்டு முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கல்லூரி நிர்வாகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உடல் வீட்டுக்கு வந்த பிறகு வந்தார்கள், பேனரோடு. "அம்மாங்கள்லாம் கொஞ்சம் பேனர் பக்கம் வந்து நில்லுங்க" என்றார் ஒருவர். அவர் போனைத் தூக்கியதும் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எனக்கு அனுப்பிய பக்கத்தில் இருந்தது அந்தப் போட்டோதான். 'கண்ணீருடன் விடைகொடுக்கும் பயனாளிகள்' என்று அடியில் எழுதியிருந்தார்கள். அழுது ஓய்ந்திருந்தார்கள் ஐயா, உங்கள் கேமராவுக்குப் பயந்துதான் முகத்தை மறைத்தார்கள்.

இந்த இடத்தில் நன்றிக்குரியவர்களின் பெயர்களைப் போடுவது வழக்கம். அக்காவின் வாயில் கஞ்சி ஊற்றியவர்களின் பெயர்களை நான் போட முடியாது, போட்டால் அவர்கள் வேலை போய்விடும். தாய்மார்களே, நீங்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும், எங்கள் குடும்பமே உங்களைக் கும்பிடுகிறது. அக்காவோடு கிளம்பிய அந்த ஆசிரியை இன்றும் சனிக்கிழமைகளில் அங்கே போகிறார். சொன்னால் அங்கேயும் பேனரோடு வந்துவிடுவார்கள், அவர் பெயரையும் நான் சொல்ல மாட்டேன்.